மூன்று நாள் வீட்டுக்காரர்

நம் மூதாதையர் யாத்திரை செய்த காலத்தில் வழியிலே மடங்களும் சத்திரங்களும் இருந்தன. அவை இல்லாத ஊர்களில் உற்றார் உறவினர் வீடுகள் இருந்தன. இன்றோ, விடுமுறையைக் கழிக்கச் செல்லும் குடும்பத்தினர் பிறரொருவருடைய வீட்டை இரண்டு மூன்று நாட்களுக்கு வாடகையாகப் பெற்று, அங்கே தாமே சமைத்து உண்டு தங்கும் வழக்கம் நாடெங்கும் பரவியிருக்கின்றது. சித்திரையில் நுவரெலியாவிலும், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் இத்தகைய வீடுகளுக்கு உள்ள கிராக்கியை நேயர்கள் நன்கறிவார்கள். பெரிய ஹோட்டல்களின் செலவைத் தாங்கவியலாத குடும்பங்களுக்கு இது நல்லதோர் ஏற்பாடு. முதியோருக்கு ஏற்ற பத்திய உணவைச் சமைக்கலாம். குழந்தைகள் முற்றத்தில் ஓடி விளையாடலாம்.

ஆயினும், இவ்வழக்கத்திற்கேற்ற ஒழுக்கத்தை நாம் இன்னும் முற்றாகக் கற்றுக்கொண்டோமில்லை. பிறரைக் குறை கூறும் நோக்கத்துடன் இதனை எழுதுகின்றேன் என்று எவரும் கருத வேண்டாம். குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்க வேண்டியவன் நானே.

2018ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் நுவரெலியாவிலே ஒரு வீட்டை மூன்று நாட்களுக்குப் பேசியிருந்தேன். ஆறு பேர் வருவோம் என்று வீட்டுக்கார அம்மையாருக்குத் தொலைபேசியிற் சொல்லியிருந்தேன். புறப்படுந் தறுவாயில் என் தம்பி குடும்பத்தினர் ஐவரும் எங்களுடன் சேர்ந்துகொண்டனர். "அம்மையாருக்கு அறிவிக்க வேண்டாமா?" என்று என் மனைவி கேட்டாள். "ஐந்து பேர் கூடினால் வீடு தேய்ந்தா போகும்?" என்று நான் விடையிறுத்தேன். படித்தவன் கூறத்தக்க விடையன்று அது.

நுவரெலியா கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. சித்திரையிலும் அங்கே இரவுகள் குளிர்மிக்கவை. வீட்டைக் காவல் செய்யும் முதியவர் வாயிலிலே எங்களை எண்ணிப் பார்த்தார், ஒன்றும் சொன்னாரில்லை. பொழுது சாய்ந்த பின்னர் நான்கு கம்பளிகளைக் கொண்டுவந்து, "ராத்திரிக்குக் குளிரும் ஐயா, பிள்ளைங்களுக்குப் போர்த்தி விடுங்க" என்று தந்துவிட்டுப் போனார். வீட்டிலிருந்த கம்பளிகளே அவை என்று எண்ணி நாங்கள் நன்றாக உறங்கினோம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் குழாயிற் சுடுநீர் வரவில்லை. ஆறு பேருக்கென அமைந்த கொதிகலம் பதினொருவருக்கு எவ்வாறு ஈடுகொடுக்கும்? முதியவரைக் கேட்போம் என்று வளவின் பின்புறத்திலிருந்த அவருடைய அறைக்குச் சென்றேன். அங்கே அடுப்பங்கரையில் அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர், பழஞ்சேலையொன்றைச் சுற்றி, அதன்மேற் சாக்கைப் போர்த்தபடி சுருண்டு கிடந்தார்கள். கம்பளிகள் எங்கிருந்து வந்தன என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. நான் வாயடைத்து நிற்பதைக் கண்ட முதியவர், "ஒங்க பிள்ளைங்க சூட்டுப் பக்கத்துல வளந்தவங்க ஐயா. நம்ம பிள்ளைங்களுக்குக் குளிரு பழக்கந்தான்" என்றார்.

அன்று காலையிலேயே என் மூத்த மகள் நான்கு கம்பளிகளையும் உதறி மடித்து அவர் கையிற் கொடுத்தாள். நான் வீட்டுக்கார அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். அவர் சினக்கவில்லை. "மாஸ்டர், முன்னரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அயல் வீட்டிலிருந்து பாயும் போர்வையும் எடுப்பித்திருப்பேனே" என்றார். உண்மை சொல்வதால் எனக்கு யாதொரு நட்டமும் வந்திராது. சொல்லாமையால் இரண்டு சிறுவர் இரண்டு இரவுகள் குளிரில் நடுங்கினார்கள். இவ்வளவுதான் கணக்கு.

ஆகவே, முதலாவது கடமை தொகையை மறையாது கூறல். எத்தனை பேர் வருகின்றோம், எந்நேரத்தில் வந்து சேருவோம், வழியிற் சுணங்கினால் எவ்வளவு சுணங்கும் என்பவற்றை அறிவித்தல் வேண்டும். படுக்கை, சுடுநீர், மலக்குழி ஆகிய யாவும் ஓரளவான பேருக்கென்றே அமைக்கப்பட்டவை. மின்சாரமும் அத்தகையதே. நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையில் ஏறுவது; அலகுகள் கூடக் கூட அலகொன்றின் விலையும் உயர்கின்றது. இரண்டு கிலோவாற்று வெப்பமூட்டி ஐந்து மணி நேரம் எரிந்தாற் பத்து அலகுகள் செலவாகும். அறையிற் குளிரூட்டியை ஓடவிட்டு ஊர் சுற்றப் போகின்றவர், தம் வீட்டில் அவ்வாறு செய்வாரா என்று ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டாவது தண்ணீர். இதனை நான் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். என் சிறியதாயார் நல்லூருக்கு அண்மையில் ஒரு பழைய நாற்சார் வீட்டில் வசிக்கின்றார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால், இருபத்தைந்து நாள் திருவிழாவின்போது இரண்டு அறைகளை அடியார்களுக்கு வாடகைக்கு விடுவார். ஓராண்டு வந்திருந்த குடும்பத்தினர் நல்லவர்களே. எனினும் காலையும் மாலையும் ஒவ்வொருவரும் தூவாலைக் குழாயின் கீழ் நெடுநேரம் நின்றனர். நீரிறைக்கும் யந்திரம் ஓயாது ஓடிற்று. மூன்றாம் நாட் கிணறு கலங்கிவிட்டது. அறுபத்தெட்டு வயதிலே சின்னம்மா அயல் வீட்டுக் கிணற்றிலிருந்து குடத்திற் குடிநீர் சுமந்தார். விருந்தினர் அதனை அறியவே இல்லை, அவரும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர்ப் படை மெலிந்து உவர்நீர் மேலேறும். திருவிழா நடைபெறும் ஆடி, ஆவணி மாதங்களோ மழை குன்றிய காலம். தூவாலைக் குழாயில் நிமிடத்திற்கு ஏறக்குறைய பத்து லீற்றர் நீர் வரும் எனக் கொண்டால், பத்து நிமிடக் குளிப்புக்கு நூறு லீற்றர் வேண்டும். பதினைந்து லீற்றர் வாளிகள் மூன்றில் அள்ளிக் குளித்தால் நாற்பத்தைந்து லீற்றரே போதும். கொழும்பிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் வருவோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். கிணற்றடியிற் சவர்க்கார நீரையும் சமையற் கழிவையும் ஊற்றுதலும் ஆகாது. பாறை வெடிப்புகளினூடாக அழுக்கு விரைவிற் கீழிறங்கி, மீண்டும் அதே கிணற்றை அடையக்கூடும்.

மூன்றாவது, வீட்டின் வழக்கத்தை மதித்தல். திருவிழாக் காலத்திற் பல வீடுகளில் மச்ச மாமிசம் புகாது. "நாங்கள் வாடகை கொடுத்தவர்கள், எங்கள் விருப்பம்போற் சமைப்போம்" என்று வாதிடுதல் முறையன்று. அவ்வழக்கம் நமக்குப் பொருந்தாதாயின், பொருந்தும் வீடொன்றை முதலிலேயே தேடிக்கொள்ளலாம். மிதியடியை எங்கே கழற்றுவது, எந்த அறைக்குள் புகலாகாது என்பவற்றை வந்தவுடன் கேட்டறிதல் நன்று. இரவு பத்து மணிக்குப் பின்னர் பாட்டையும் பேச்சையும் தணித்துக்கொள்ளுதலும் வேண்டும். நமக்கு விடுமுறையெனினும், அயல் வீட்டு மாணவனுக்கு மறுநாட் பரீட்சை இருக்கலாம்.

நான்காவது, உடைந்ததை ஒளியாமை. பீங்கான் ஒன்று உடைந்தால் அதனைக் கடதாசியிற் சுற்றிக் குப்பைக் கூடைக்கு அடியில் மறைப்பவர்கள் உள்ளனர். வீட்டுக்காரர் அதனைக் காணும்பொழுது, உடைந்த பீங்கானுக்காக வருந்துவதிலும் மறைத்த மனத்தை எண்ணி வருந்துவதே அதிகம். குழந்தை உடைத்ததாயின், அக்குழந்தையையே உடனழைத்துச் சென்று சொல்லச் செய்யுங்கள். ஆண்டு முழுவதும் நாம் வகுப்பிற் படிப்பிக்கும் வாய்மையை அஃது அந்த ஒரு நிமிடத்திற் கற்றுக்கொள்ளும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விளக்கு எரியாவிட்டாலோ, படுக்கை துப்புரவாக இல்லாவிட்டாலோ விருந்தினர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கூறவில்லை. அதனை அப்பொழுதே வீட்டுக்காரரிடம் நேரிற் சொல்லித் திருத்தும்படி கேட்கலாம். மூன்று நாளும் முகமலர்ந்து பேசிவிட்டு, வீடு திரும்பியபின் இணையத்திற் கடுஞ்சொல் எழுதுதல் பண்பாகாது. அந்த ஒரு வரி ஒரு குடும்பத்தின் வருவாயையே குறைத்துவிடக்கூடும்.

ஐந்தாவது, புறப்படும் நேரம். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தல், குப்பையைத் தரம் பிரித்துக் கட்டி வைத்தல், விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்துதல், யன்னல்களைச் சாத்துதல், பேசிய வேளைக்குள் திறப்பை ஒப்படைத்தல் ஆகியன அரைமணி நேர வேலை. முற்றத்திற் கிடக்கும் இளநீர்க் கோம்பை, வெறுந்தகரம், பிளாஸ்ரிக் கோப்பை எவற்றிலும் நீர் தேங்கவிடலாகாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து முழு நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதற் பத்து நாட்கள் போதும். நாம் சென்றபின் வீடு பூட்டிக் கிடந்தால், நாம் விட்டுச் சென்ற தகரமே அயலாரின் பிள்ளைகளுக்கு நோய் விளைவிக்கும் இடமாகிவிடும்.

"காசு கொடுத்தோம், இத்தனை கட்டுப்பாடு எதற்கு?" என்று சிலர் வினவலாம். வாடகை, அவ்வீட்டைப் பயன்படுத்துவதற்கு நாம் கொடுக்கும் விலை. பிறருடைய உழைப்பையும் உறக்கத்தையும் கிணற்றையும் நாம் அதனால் விலைக்கு வாங்கிவிடவில்லை. நான் கொடுத்த வாடகையில் அந்த நான்கு கம்பளிகளும் அடங்கியிருக்கவில்லை.

திருக்குறளிலே விருந்தோம்பல் என்பது ஒன்பதாம் அதிகாரம். அஃது இல்வாழ்வானுக்கு உரைத்தது. விருந்தினனாகச் செல்பவனுக்கென்று தனியதிகாரம் இல்லை. பழந்தமிழில் விருந்து என்பது புதுமையைக் குறித்த சொல். புதியவனாக வந்தவன் தன் கடமையைத் தானே அறிந்து நடக்க வேண்டியவனாகின்றான்.

மாணவச் செல்வங்களே, எங்கள் குடும்பத்தில் இப்பொழுது ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும், ஒவ்வொருவரும் தாம் உறங்கிய அறையின் வாயிலில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்போம். அடுத்து வருபவர் இவ்வறைக்குட் புகுந்தால் முகஞ் சுளிப்பாரா என்று எண்ணிப் பார்ப்போம். சுளிப்பார் என்று தோன்றினால், தும்புத்தடியை எடுப்பவன் பெரும்பாலும் நானாகவே இருப்பேன். நுவரெலியாவிற் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.