இரும்புச் சாவியும் கார் சாவியும்

சென்ற மாதம் என் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. ஸ்விட்சைப் போட்டால் உள்ளே மின்விசிறி சுற்றும். திரையில் ஒன்றும் வராது. சீர்காழியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் தம்பி ஒருவருக்கு போன் செய்தேன். திருவெண்காடு பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு அவர் பஸ் பிடித்து வந்து சேர பகல் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. வேலை ஐந்து நிமிடம்தான். ராம் சிப்பைக் கழற்றி, அதன் முனையை ரப்பரால் துடைத்து மீண்டும் செருகினார். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது.

"ஒரு டூவீலர் வாங்கிக் கொள்ளக் கூடாதா தம்பி? ஒரு நாளைக்கு நான்கு வீடு பார்க்கலாமே" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் கம்ப்யூட்டரிலேயே இன்டர்நெட்டைத் திறந்து, ஓட்டுநர் உரிமத்திற்கு விண்ணப்பிக்க உதவும் அரசின் பரிவாகன் தளத்திற்குச் சென்று, படிவம் 1ஐக் காட்டினார். விண்ணப்பிப்பவர் தம் உடல் தகுதி குறித்துத் தாமே தர வேண்டிய உறுதிமொழி அது. அதில் ஒரு கேள்வி: வலிப்பு நோயோ, எந்தக் காரணத்தாலாவது திடீர் நினைவிழப்போ, தலைச்சுற்றலோ உங்களுக்கு உண்டா?

"மூணு தடவை இது வரைக்கும் வந்துட்டு மூடிட்டேன் சார். எனக்கு ஃபிட்ஸ் உண்டு. கடைசியா வந்து பதினாலு மாசம் ஆச்சு. மாத்திரையை ஒரு வேளை கூட விடலை. 'இல்லை'ன்னு கிளிக் பண்ணிட்டா யாருக்குத் தெரியப் போவுது? ஆனா கை வர மாட்டேங்குது" என்றார்.

வாசகர்களே, தானே ஓடும் கார் பற்றி இதழ்களிலும் இன்டர்நெட்டிலும் நிறையப் படித்திருப்பீர்கள். பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள் என்று நீங்களும் என்னைப் போல நினைத்திருக்கலாம். அந்த ஒரு கிளிக்கிற்குப் பிறகு நான் அப்படி நினைப்பதில்லை. இது யாருக்கு உண்மையில் தேவை, எப்படிப்பட்டது தேவை என்பதை நாம் சரியாகப் புரிந்து கொள்ள வேண்டும்.

மூளையில் நடப்பது என்ன?

நம் மூளையின் செல்கள் சிறு சிறு மின் சைகைகளால் ஒன்றோடொன்று பேசிக் கொள்கின்றன. இவற்றில் பல ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் சைகை அனுப்பத் தொடங்கினால் வருவதுதான் வலிப்பு. சிலருக்குக் கை கால் வெட்டி இழுக்கும். சிலர் சில விநாடிகள் வெறித்துப் பார்த்தபடி நின்று விடுவார்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும்.

உலகில் சுமார் 5 கோடி பேருக்கு இந்த நோய் இருப்பதாகவும், சரியான சிகிச்சை கிடைத்தால் இவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாத்திரைக்குக் கட்டுப்படாதவர்களில் தகுதியானவர்களுக்கு அறுவை சிகிச்சையும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் இது நடைபெற்று வருகிறது.

நம் ஊர்ப் பக்கம் என்ன செய்வோம்? யாருக்காவது வலிப்பு வந்தால் ஓடிப் போய் ஓர் இரும்புச் சாவியைக் கையில் திணிப்போம். அந்தத் தம்பிக்கும் எட்டாம் வகுப்பில், பள்ளிக்கூட வராந்தாவில் அப்படிக் கொடுத்தார்களாம். தானாக அடங்கும் வலிப்பு, சாவியால் அடங்கியது போல நமக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான். செய்ய வேண்டியது வேறு. அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கையில் இரும்புச் சாவியைக் கொடுத்து விடுகிறோம். வண்டிச் சாவியைத்தான் கொடுக்க முடிவதில்லை.

சட்டம் சொல்வது சரியா?

சட்டத்தின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஜப்பானின் கனுமா நகரில் 2011 ஏப்ரலில் கிரேன் லாரி ஒன்று, பள்ளிக்குச் சென்று கொண்டிருந்த குழந்தைகள் மீது ஏறியதில் 6 பேர் இறந்தனர். ஓட்டுநர் தமக்கு வலிப்பு நோய் இருப்பதை மறைத்து உரிமம் வாங்கியவர்; மருந்தும் சாப்பிடவில்லை. ஆகவே 'இல்லை' என்று கிளிக் செய்து விடலாம் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் 'உண்டு' என்று உண்மை சொல்பவருக்கு என்ன வழி? பிரிட்டனில் வலிப்பு வந்தவர் ஓராண்டு காலம் வலிப்பு இல்லாமல் இருந்தால் மீண்டும் கார் ஓட்ட உரிமம் கேட்கலாம். பஸ், லாரி என்றால் மருந்தும் இல்லாமல், வலிப்பும் இல்லாமல் 10 ஆண்டுகள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2009இல் கார்களுக்கு ஓராண்டு என்பதையே பொது விதியாக ஏற்றது. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்படி ஒரு கால வரையறை இல்லை. ஒரு முறை வந்தவருக்கும் தினமும் வருபவருக்கும் ஒரே கேள்வி, ஒரே பதில். அதனால்தான் பலர் மறைக்கிறார்கள். மறைப்பதுதான் ஆபத்து.

சட்டத்தை மாற்றவே முடியாது என்று நினைக்க வேண்டாம். வலிப்பு நோயைத் திருமணத்திற்குத் தடையாக வைத்திருந்த விதியை நாடாளுமன்றம் 1999இல் நீக்கியது. மருத்துவ உண்மைகளை எடுத்து வைத்துத் தொடர்ந்து கேட்டதால் வந்த மாற்றம் அது.

கார் எப்படித் தானே ஓடுகிறது?

உங்கள் கம்ப்யூட்டரில் கீபோர்டும் மவுஸும் தகவலை உள்ளே அனுப்புகின்றன, பிராசசர் கணக்கிடுகிறது, திரை முடிவைக் காட்டுகிறது. தானே ஓடும் காரும் அப்படித்தான். கேமரா, ரேடார், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் ஆகியவை தகவலைத் தருகின்றன. கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. திரைக்குப் பதிலாக ஸ்டீயரிங்கும் பிரேக்கும் இயங்குகின்றன.

அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு அமைப்பான தர்பா 2004இல் பாலைவனத்தில் ஒரு போட்டி நடத்தியது. முதலில் வந்த வண்டியே சுமார் 12 கிலோமீட்டர்தான் ஓடியது. மறு ஆண்டே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி என்னும் வண்டி 212 கிலோமீட்டர் ஓடி வென்றது. 2009இல் கூகுள் இந்த வேலையில் இறங்கியது. 2015இல் ஸ்டீவ் மாஹன் என்னும் கண் பார்வை இழந்த ஒருவர், ஸ்டீயரிங்கும் பெடலும் இல்லாத கூகுள் காரில், துணைக்கு யாரும் இன்றி ஆஸ்டின் நகரத் தெருக்களில் பயணம் செய்தார். 2020 அக்டோபரில் பீனிக்ஸ் நகரில், கூகுளின் இந்தத் திட்டத்திலிருந்து உருவான வேமோ நிறுவனம் டிரைவர் இல்லாத டாக்சியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

அந்த டாக்சியில் ஏறுபவரிடம் யாரும் உரிமம் கேட்பதில்லை. படிவம் 1ம் கேட்பதில்லை.

யு.பி.எஸ். தரும் பாடம்

இங்கேதான் ஒரு முக்கிய எச்சரிக்கை. 'தானே ஓடும்' என்று சொல்லப்படும் எல்லாக் கார்களும் ஒன்றல்ல. பூஜ்யம் முதல் 5 வரை நிலைகள் பிரித்திருக்கிறார்கள். இன்று நம் நாட்டு ஷோரூம்களில் 'ஏடாஸ்' என்று சொல்லி விற்கப்படும் கார்கள் பெரும்பாலும் 2ஆம் நிலைக்கு மேல் இல்லை. கார் கொஞ்சம் உதவும். முழுப் பொறுப்பும் ஓட்டுபவருடையதே. 3ஆம் நிலையில் கார் சில சாலைகளில் தானே ஓடும். முடியாதபோது மனிதரை அழைக்கும். மெர்சிடிஸ் நிறுவனத்தின் இத்தகைய காருக்கு ஜெர்மனி 2021 டிசம்பரில் அனுமதி தந்தது. அழைத்ததும் பொறுப்பேற்க ஓட்டுநருக்குக் கிடைப்பது சுமார் 10 விநாடிகள்.

அந்த 10 விநாடிகளில் வலிப்பு வந்தால்? அப்போதுதான் வரும் என்பதில்லை. வராது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மனிதரை மாற்று ஏற்பாடாக வைத்திருக்கும் கார், வலிப்பு நோய் உள்ளவருக்குச் சுதந்திரம் தராது. நல்ல உடல்நலம் உள்ள மனிதரே இதில் தவறுகிறார். 2018 மார்ச்சில் அரிசோனாவில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக் கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். கண்காணிக்க வேண்டியவர் காருக்குள்ளேயே இருந்தார். அவர் கவனம் சாலையில் இல்லை.

இதை யு.பி.எஸ். கொண்டு எளிதாக விளக்கலாம். கரண்ட் போனால் யு.பி.எஸ். உங்களை நாள் முழுக்க வேலை செய்ய விடாது. பைலை சேவ் செய்து, கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்ய சில நிமிடம் தரும். ஓட்டுநர் அசைவற்றுப் போனால் கண்டுபிடித்து, காரைத் தானே நிறுத்தும் வசதி இப்போது சில வெளிநாட்டுக் கார்களில் வந்துள்ளது. அது யு.பி.எஸ். போன்றது. உயிரைக் காக்கும், உரிமம் வாங்கித் தராது. ஊர் சுற்ற வேண்டுமானால் தேவை யு.பி.எஸ். அல்ல, நிற்காமல் மின்சாரம் தரும் ஜெனரேட்டர். அதாவது உள்ளே பயணிப்பவரின் உதவியை எந்த நேரத்திலும் கேட்காத 4ஆம் நிலை வண்டி. வேமோ டாக்சி அந்த வகை.

நம் சாலையில் ஓடுமா?

நம் ஊர் பற்றிப் பேசாமல் இதை முடித்தால் வாசகர்கள் என்னைச் சிரிப்பார்கள். தை மாதம் அறுவடை ஆனதும் பாதிச் சாலையில் நெல் காயும். அறுத்த வயலுக்கு மேய்ச்சலுக்குப் போகும் வாத்துக் கூட்டம் சாலையைக் கடக்கக் கால் மணி நேரம் ஆகும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலை எது, வாய்க்கால் எது என்று நமக்கே தெரியவில்லை. அடைமழை என்றால் கேமராவும் லைடாரும் தடுமாறும்.

மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் 2023இலும் டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டேன் என்று கூறினார். ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பது அவர் காரணம். ஸ்டீயரிங்கைப் பிடித்துக் குடும்பம் நடத்துபவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். அந்தக் கவலையை நான் ஒதுக்கித் தள்ளவில்லை.

ஆனால் முழுக் கதவையும் மூடுவது சரியல்ல என்பதே என் கருத்து. டெல்லி மெட்ரோவில் 2020 டிசம்பர் முதல் டிரைவர் இல்லாத ரயில் ஓடுகிறது. ஐதராபாத் ஐ.ஐ.டி.யில் தானே ஓடும் வண்டிகளைச் சோதிக்கும் தளம் 2022இல் திறக்கப்பட்டது. முதலில் குறைந்த வேகத்தில், குறிப்பிட்ட தடத்தில், ரயில் நிலையத்திலிருந்து மருத்துவமனை வரை ஓடும் சிறு வண்டியாக இது வரட்டும். உரிமம் பெற வழியே இல்லாதவர்களுக்கு, பார்வையற்றவர்களுக்கு, முதியவர்களுக்கு அது முதலில் போய்ச் சேரட்டும். வசதி உள்ளவர் வீட்டில் நான்காவது காராக வந்து நிற்பதால் யாருக்கு லாபம்?

அதுவரை என்ன செய்வது?

அந்தத் தம்பியிடம் "தானே ஓடும் கார் வந்து விடும், காத்திரு" என்று சொல்வது, வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது போலத்தான். நமக்கு ஏதோ செய்த திருப்தி. அவருக்குப் பயன் இல்லை. உடனே நடக்கக் கூடியது சட்டத் திருத்தம். நரம்பியல் மருத்துவரின் சான்றுடன், குறிப்பிட்ட காலம் வலிப்பு இல்லாதவருக்குச் சொந்த வாகனம் ஓட்ட உரிமம் கிடைக்க வேண்டும். அப்போது உண்மை சொல்பவருக்கு வழி பிறக்கும், மறைப்பவர் குறைவார்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நாமும் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, பிரச்சினை சாப்ட்வேரில்தான் என்றால் டீம் வியூவர் போன்ற புரோகிராம் மூலம் இன்டர்நெட் வழியாகவே சரி செய்யச் சொல்லுங்கள். நம்பிக்கையானவருக்கு மட்டும் பாஸ்வேர்டைக் கொடுங்கள். சர்வீஸ் கட்டணத்தைக் குறைக்காமல் கொடுங்கள். இரண்டு, ஹார்டுவேர் வேலை என்றால் பஸ் ஸ்டாப்புக்கு ஆள் அனுப்பி அவரை வண்டியில் அழைத்து வாருங்கள். அவர் ஏன் வண்டி ஓட்டுவதில்லை என்று கேட்காதீர்கள்.

அன்று அந்தத் தம்பி எந்தப் பதிலையும் கிளிக் செய்யவில்லை. விண்டோவை மூடிவிட்டு, கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்து காட்டினார். பஸ் ஸ்டாப் வரை என் டூவீலரில் கொண்டு போய் விட்டேன். வழியெல்லாம் டைப்பிங் வேகம் பற்றித்தான் பேசினோம். மூன்று மணி பஸ் அன்று அரை மணி நேரம் தாமதம்.