சரளைப் பாதையும் நமது சைக்கிளும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலிக் புலாவ் பக்கம் போகிறவர்கள் அந்தக் காட்சியைக் காணலாம். தலையில் கவசமும் உடலோடு ஒட்டிய உடுப்புமாக, ஜார்ஜ் டவுனிலிருந்து வந்தவர்கள் சைக்கிளில் மலை ஏறுகிறார்கள். நல்ல தார்ச் சாலை இருக்க, அதை விட்டுவிட்டு, செம்மண்ணும் சரளைக் கல்லும் கிடக்கிற பாதைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். இதற்கென்றே கிராவல் சைக்கிள் என்று ஒரு வண்டி வந்திருக்கிறது. பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகலம். காற்றைச் சற்றுக் குறைத்து அடித்தால் உதிரிக் கல்லிலும் டயர் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்துக்கு இலேசான பல்சக்கரம் உண்டு.

“நாம் சம்பளத்துக்கு வியர்வை சிந்துகிறோம், இவர்கள் காசு கொடுத்து வியர்வை சிந்துகிறார்கள். நமக்கு இதில் என்ன?” என்று நம்மவரில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிப்பதில் நியாயம் உண்டு. ஆயினும் நமக்கு இதில் நிறைய இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் அந்த டயரை எடுத்துக்கொள்வோம். 1888-ல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். அதற்கு முன் கட்டை வண்டி போல் குலுங்கிய சைக்கிள், அதன் பிறகு மெத்தை போல் ஓடியது. உலகெங்கும் சைக்கிள் மோகம் பிடித்தது. ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. பின்னால் மோட்டார் கார் வந்து அந்தக் கிராக்கியைப் பன்மடங்காக்கியது. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த சில கன்றுகளின் சந்ததி, மலாயாவின் காடுகளை அழித்து நிற்கும் தோட்டமாகியது. அந்தத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறினார்கள். ஆகவே சைக்கிள் நமக்கு அந்நியப் பொருள் அல்ல. நம் குடும்பங்களை இந்த மண்ணுக்கு இழுத்து வந்த காரணங்களில் அதுவும் ஒன்று.

அடுத்தது பாதை. பாலிக் புலாவ் என்றால் தீவின் பின்புறம் என்று பொருள். பட்டணத்துக்கும் அதற்கும் நடுவே மலைத்தொடர் நிற்கிறது. 1962-ல் கட்டி முடித்த ஆயர் ஈத்தாம் அணைக்கட்டிலிருந்து மலை வழியாகப் பாலிக் புலாவுக்கு இறங்கும் பாதை, சைக்கிள்காரர்களுக்கு மிகவும் பிடித்த ஒன்று. காய்கறித் தோட்டம், ஜாதிக்காய், கிராம்பு, டுரியான் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, கீழே வந்தால் நெல்வயல். இந்த மலைகளில் ஒரு காலத்தில் ரப்பரும் பரந்து நின்றது, இன்று குறைந்துவிட்டது.

இப்படிப்பட்ட பாதைகள் தாமாக முளைத்தவை அல்ல. மலைச்சரிவில் சமமட்டமாகப் படி வெட்டி மரம் நட்டவர்கள், பொழுது விடியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறியவர்கள், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று ஓடி ஓடிக் கோடு போட்டவர்கள், நிறைந்த வாளியைக் காண்டாக் கம்பில் தூக்கி இறங்கியவர்கள்: இவர்கள் காலடி பட்டுத்தான் பாதையாயிற்று. தமிழர் மட்டும் என்று நாம் சொல்லவில்லை. பாலிக் புலாவ் மலைகளில் ஹக்கா சீனரும் மலாய்க்காரரும் சிந்திய வியர்வை அதிகம். உழைத்தவன் எந்த இனமானாலும் அவன் போட்ட பாதை அவன் பெயரால் நினைக்கப்பட வேண்டும் என்பதே நமது கட்சி.

இனி, கடல் கடந்து ஒரு நாட்டைப் பார்ப்போம். இத்தாலியில் டஸ்கனி என்றொரு பிரதேசம். மலை மலையாகத் திராட்சைத் தோட்டம். ஒயின் செய்து உலகுக்கு விற்கிறார்கள். (கள்ளுக்கடையால் குடும்பம் கெட்ட கதை நமக்குத் தெரியும், குடியைப் பற்றி இங்கே பேச்சில்லை, பாதையைப் பற்றியே பேச்சு.) அந்த மலைகளில் வெள்ளைச் சரளைச் சாலைகள் உண்டு. அவற்றுக்கெல்லாம் தார் போட்டுவிடுவார்களோ என்ற நிலை வந்தபோது, 1997-ல் கியாந்தி பகுதியின் கயோலே என்ற ஊரில், பழைய சைக்கிள்களில் அந்தச் சாலைகளைச் சுற்றிவரும் ஓட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். லெரோய்க்கா என்பது அதன் பெயர். அதன் வழியே பிறந்த பந்தயம் 2007 முதல் சியெனா நகரில் முடிகிறது. உலகப் புகழ் பெற்ற வீரர்களெல்லாம் அதில் புழுதி குடிக்கிறார்கள். 2023-ல் உலகக் கிராவல் சைக்கிள் போட்டியும் இத்தாலியின் இன்னொரு ஒயின் மலைப்பகுதியான பியெவே டி சோலிகோவில்தான் முடிந்தது. சைக்கிள் ஓடியதால் சரளைச் சாலைக்கு மதிப்பு வந்தது. இது நாம் கற்க வேண்டிய முதல் பாடம்.

இரண்டாம் பாடம் கசப்பானது. அந்த டஸ்கனி மலைகளில் நெடுங்காலம் பாடுபட்டவர்கள் வாரக் குடியானவர்கள். விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு, பாதி அவர்களுக்கு. புதிதாக அத்தகைய ஒப்பந்தம் எழுதக் கூடாதென்று 1964-ல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே பலர் வறுமை தாளாமல் பட்டணத்து ஆலைகளுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன கல்வீடுகள் பல இன்று விருந்தினர் மாளிகைகள். சாலை பிழைத்தது, சாலையைப் போட்டவன் மலையில் இல்லை.

பாலிக் புலாவிலும் அதுதான் நடக்க வேண்டுமா? தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிய வரலாறு நம் நாட்டுத் தொழிலாளிக்குப் புதிதல்ல. அதைத் தடுக்கவே 1960-ல் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். நிலம் யார் கையிலோ அவர் கையில்தான் பாதையின் பூட்டும் இருக்கும் என்பதை நாம் மறக்கலாகாது.

மலையைத் தொடும்போது எச்சரிக்கையும் வேண்டும். 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் பினாங்கே வெள்ளத்திலும் மண்சரிவிலும் தவித்தது. 2018 அக்டோபரில் பாயா தெருபோங் அருகே புக்கிட் குக்குஸ் சாலை வேலையில் மண் சரிந்து 9 தொழிலாளர் மாண்டனர். சுற்றுலா வளருகிறதென்று ஒவ்வொரு மேட்டையும் வெட்டி அகலச் சாலை போட்டால், மழைநாளில் விலை கொடுப்பவன் கூலிக்காரனே. சரளைப் பாதைக்கு அகலம் தேவையில்லை. நடுவில் சற்று மேடு, ஓரத்தில் வடிகால், சரிவில் நீர் குறுக்கே கடக்க வழி, ஆண்டுதோறும் பராமரிக்க ஆள்: இவ்வளவு போதும். அந்த ஆள் வேலை உள்ளூர்த் தொழிலாளிக்கு, சட்டப்படியான சம்பளத்தோடு கிடைக்க வேண்டும்.

சைக்கிளில் வரும் விருந்தினருக்கும் ஒரு சொல். பால் வெட்டு நேரத்தில் நிரைக்குள் வண்டியை விடாதீர்கள்; ஒரு மங்கு சாய்ந்தால் அது ஒருவர் வீட்டுச் சோறு. டுரியான் காலத்தில் மரத்தடியில் நிற்காதீர்கள். விழும் பழத்துக்கு உங்கள் தலைக்கவசம் தாங்காது. வழிகாட்டியையும் சாப்பாட்டையும் கிராமத்திலேயே தேடுங்கள்.

கடைசியாக நம்மவருக்கு. இறக்குமதியாகும் கிராவல் சைக்கிள் இரண்டு மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாகிய பின்னும் அது எட்டாக்கனியே. ஆனால் மலைப் பாதைக்கு அந்த வண்டிதான் வேண்டும் என்பதில்லை. நல்ல பிரேக்கும் அகல டயரும் உள்ள பழைய சைக்கிள் போதும். வேண்டியது ஓய்வு. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 48 மணியாக இருந்த உச்ச வேலை நேரம் 45 மணியாகக் குறைந்திருக்கிறது. அந்த மூன்று மணி நேரம் ஏட்டில் இருந்தால் பயனில்லை. நம் வீட்டில் இருக்க வேண்டும். ஓவர்டைமும் இரண்டாம் வேலையும் அதைத் தின்றுவிடாதபடி சம்பளத்துக்குப் போராடுவது சங்கத்தின் கடமை.

கிளைச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகளைச் சைக்கிளில் இம்மலைகளுக்கு அழைத்துப் போகட்டும். பெரியவர் ஒருவர் உடன் வந்து, இது யார் வெட்டிய படி, இது எந்த நிரை, இங்கே எந்த மரம் நின்றது என்று சொல்லட்டும். நகரத்தார் இப்பாதையின் அழகைக் கண்டு மகிழட்டும். அதன் வரலாற்றைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். சொல்லாமல் விட்டால், பாதை இருக்கும். நாம் இருந்த அடையாளம் இருக்காது. கிளைத் தலைவர்களும் செயலாளர்களும் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.