வானத்தைக் காட்டி நிலத்தை மறைக்காதீர்கள்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு மேலே வேற்றுக்கிரகவாசிகள் வந்துபோகிறார்கள். கடற்படைக்கும் விமானப்படைக்கும் அது தெரியும். விசாரித்துவிட்டு மூடி மறைக்கிறார்கள். சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். அதற்கு நான்கு ஆதாரங்களை அடுக்கியிருக்கிறார் கட்டுரையாளர். பயிற்சி பெற்ற படையினரின் கண் ஏமாறாது. அமெரிக்காவே ஒப்புக்கொண்டுவிட்டது. இராவணனிடம் விமானம் இருந்தது. இராணுவம் வாய் திறக்கவில்லை. முதல் மூன்றும் தொட்டாலே உதிர்கின்றன. நான்காவது அவருக்கே எதிராகத் திரும்புகிறது.

படையினரின் கண்ணிலிருந்து தொடங்குவோம். 2012இல் லடாக் எல்லையில் இந்தியப் படையினர் மாதக்கணக்காக இரவில் விழித்திருந்து, சீனப் பக்கத்து வானில் தெரிந்த ஒளிகளைக் குறித்துவைத்தார்கள். மொத்தம் 329 தடவை கண்டார்களாம். அதில் 155 தடவை அவை எல்லை தாண்டி உள்ளே வந்தனவாம். சீன உளவு விமானங்கள் என்று சந்தேகம். கடைசியில் விஷயம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களிடம் போனது. ஒளிகள் தெரிந்த நேரத்தையும் திசையையும் கோள்களின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்து அவர்கள் சொன்ன விடை: வியாழனும் வெள்ளியும். சூரியனைச் சுற்றுவதைத் தவிர வேறு குற்றம் அறியாத இரண்டு கோள்கள், 155 தடவை எல்லை மீறியதாகப் பதிவாகியிருந்தன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கொழும்பையே பார்க்கலாம். 2007 மார்ச் 26 அன்று புலிகளின் விமானங்கள் கட்டுநாயக்கவில் குண்டு போட்டன. சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 26 இரவு, வானில் ஏதோ வருகிறதென்று கொழும்பில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் முழங்கின. விமான நிலையத்தையும் மூடினார்கள். குண்டு எதுவும் விழவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சீருடை போட்டுக்கொண்டால் அரளாமல் இருக்கலாம் என்று கட்டுரையாளருக்கு யார் சொன்னது?

அடுத்தது அமெரிக்கா. அமெரிக்க விமானப்படையின் 'புளூ புக்' திட்டத்தின் கணக்கில் 1947 முதல் 1969 வரையிலான 12,618 முறைப்பாடுகள் இருந்தன. அவற்றில் 701க்கு விடை கிடைக்கவில்லை. இந்த 701ஐ மட்டும் கட்டுரையாளர் கொடி கட்டிப் பறக்கவிடுகிறார். விடை கிடைத்த 11,917 அவர் கட்டுரைக்குள் வரவே இல்லை. விடை தெரியாத கணக்குக்குத் தனக்குப் பிடித்த விடையை எழுதிவைத்தால் எந்த ஆசிரியர் புள்ளி போடுவார்? பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு, பாதுகாப்புக்கு இதனால் ஒரு பயனும் இல்லையென்று தன் பறக்கும்தட்டுப் பிரிவை 2009இல் மூடிவிட்டது. 2024 மார்ச்சில் பென்டகன் வெளியிட்ட அறிக்கை, வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு எந்தச் சான்றும் இல்லை என்றது. மக்கள் கண்ட மர்மப் பொருள்களில் சில அமெரிக்காவின் சொந்த இரகசிய விமானங்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அமெரிக்கா ஒப்புக்கொண்டது இதைத்தான்.

நிலாவெளியிலோ மூதூரிலோ நிற்கும் ஒருவர் வானில் விசித்திர ஒளியைக் காணவே முடியாதா? தாராளமாகக் காணலாம். ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே 600 கிலோமீற்றருக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. துருவப் பாதைக்குச் செல்லும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட், இலங்கைக்கு மேலாகப் பறக்கக் கூடாதென்பதற்காக முதலில் தென்கிழக்கே போய், பிறகு தெற்கே திரும்புகிறது. அதாவது, நம்முடைய கிழக்குக் கடலோரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. பொழுது பட்டு நிலம் இருண்ட பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். அந்த வெயிலில் ரொக்கெட்டின் புகை விசிறிபோல் விரிந்து ஒளிரும். 2022 டிசம்பர் 15 அன்று இந்தியா அக்னி-5 ஏவுகணையைச் சோதித்த மாலையில், வங்காளத்து மக்கள் இப்படியொரு ஒளியைக் கண்டு திகைத்தார்கள். இதற்கு மேல் சீனன்குடாவில் விமானப்படையின் பயிற்சிப் பறப்புகள் வேறு. இரவில் கடலில் வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிக்கும் படகுகள் வேறு. ஓர் ஒளியைக் கண்டால் நேரம், திசை, அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரம் என்று மூன்றைக் குறித்துக்கொண்டு, அன்றைய ஏவுதல் அறிவிப்போடு ஒப்பிட வேண்டும். கட்டுரையில் சொல்லப்பட்ட ஒரு சம்பவத்துக்காவது இந்த மூன்றும் உண்டா?

இராவணனுக்கு வருவோம். 2020 ஜூலையில் இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, இராவணனின் விமானம் பற்றிய ஆவணம் வைத்திருப்போர் தரலாமென்று பத்திரிகையில் விளம்பரம் செய்தது. கட்டுரையாளர் புல்லரித்துப் போகிறார். இலங்கையின் முதல் செயற்கைக்கோளுக்கும் 'இராவணா-1' என்றுதான் பெயர். 2019இல் அது ஏறிப்போனது அமெரிக்க ரொக்கெட்டில். அந்த 2019இலேயே, இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடமென்று நாம் சொல்லும் கன்னியா வெந்நீரூற்றில், பிள்ளையார் கோவில் நிலத்துக்காக மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். இராவணனின் விமானத்தைத் தேடும் அரசோடு சேர்ந்து தேடுகிறவருக்கு, அவனுடைய வெந்நீரூற்றில் நடப்பது கண்ணில் படவில்லை.

திருமலை வானில் அந்நியப் பொருள்கள் வந்தது உண்மைதான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின; அவை வருவதை ராடார் முன்கூட்டியே கண்டது. 2008 ஆகஸ்ட் 26 இரவு புலிகளின் சிறுவிமானங்கள் கடற்படைத் தளத்தின் மேல் குண்டு போட்டன. ஒவ்வொன்றையும் ஓட்டி வந்தவன் மனிதன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கொடி இருந்தது. இந்தத் துறைமுகத்துக்கு ஆசைப்பட்டவர்களை எண்ண பூமியே போதும்.

இனி இராணுவத்தின் மௌனம். கடற்படைத் தளத்தில் இரகசியம் உண்டு என்கிறார் கட்டுரையாளர். உண்டு. காணாமலாக்கப்பட்டோர் தொடர்பான ஐ.நா. செயற்குழு 2015 நவம்பரில் இலங்கை வந்தபோது, திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் நிலத்தடி இரகசியத் தடுப்பறைகள் கண்டுபிடிக்கப்பட்டதைப் பற்றிப் பேசியது. 2008, 2009இல் கடத்தப்பட்ட 11 பேர் அத்தளத்தின் 'கன்சைட்' முகாமில் அடைக்கப்பட்டிருந்தார்கள் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் காந்தி சிலையருகே ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கின் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். இவ்வளவும் நடந்த ஊரில் நின்றுகொண்டு, படையினர் எதையோ மறைக்கிறார்கள் என்று உணர்ந்த ஒருவர், அண்ணாந்து பார்க்கிறார்!

கோப்புகளைத் திறக்கச் சொல்வதில் எனக்கும் உடன்பாடுதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பப் படிவமும் இருக்கிறது. தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுப்பார்கள். மறுத்தால் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். கன்சைட் பற்றிய கோப்பைக் கேட்டு எழுதட்டும். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன். பறக்கும்தட்டுக் கோப்பைக் கேட்டால் எந்தத் தளபதிக்கும் தூக்கம் கெடாது. கேட்பவருக்குத் தேநீர் கொடுத்து உபசரித்தாலும் ஆச்சரியமில்லை. அதிகாரத்துக்கு உறுத்தாத கேள்வியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதைத் துணிச்சல் என்று அழைக்க என்னால் முடியாது.