துணிகரம் யாருடைய சொத்து?

'அட்வென்சர்' என்பதற்குத் தமிழில் சொல் இல்லை. 'எண்டர்பிரைஸ்' என்பதற்கும் சொல் இல்லை. ஆகவே தமிழனிடம் அந்தச் சரக்கே இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் மேதாவிகள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். பழைய ஆங்கிலத்தில் வீரச் செயல்களுக்கு எத்தனை சொற்கள் என்று மூக்கின் மேல் விரலை வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் அந்தச் சொற்களின் பூர்வோத்தரத்தையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டாமா?

'நைட்' என்ற மாவீரன் ஆதியில் யார்? வெறும் பையன், வேலைக்காரன். 'அட்வென்சர்' என்றால் லத்தீன் மூலத்தில் 'வரப்போவது' என்றுதான் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, துணிந்து போடும் முதலையும் அது குறித்தது. 1600-இல் தோன்றிய கிழக்கிந்தியக் கம்பெனியில் பணம் போட்டவர்களுக்கு 'அட்வென்சரர்' என்றே பெயர். 'டெரிங் டூ' கதை இன்னும் வேடிக்கை. 'செய்யத் துணிதல்' என்று சாசர் சாதாரணமாக எழுதியதை லிட்கேட் எடுத்தாண்டார்; அவர் நூலின் பிற்காலப் பதிப்புகளில் அது எழுத்து மாறி அச்சாயிற்று. ஸ்பென்சர் 1579-இல் அதை ஒரு தனிப் பெயர்ச்சொல்லாகவே எடுத்துக்கொண்டார். பிறகு வால்டர் ஸ்காட் 'ஐவன்ஹோ' நாவலில் அதற்குப் பட்டாபிஷேகம் செய்தார். பிழையாகப் பிறந்த சொல்லைக்கூட அவர்கள் அரியணையில் ஏற்றினார்கள்.

நாம் என்ன செய்தோம்? அதைத் தெரிந்துகொள்ள, திருவண்ணாமலையிலிருந்து மேற்கே செங்கம் வட்டாரத்துக்குப் போக வேண்டும். அங்கே வயலோரங்களிலும் மரத்தடிகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. தமிழக அரசின் தொல்பொருள் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு நூலே வெளியிட்டது. மாட்டு மந்தைக்கு அந்தக் கல்வெட்டுகளில் 'தொறு' என்று பெயர். மந்தையை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஒரே சொல்: 'பட்டான்'. அடைமொழி இல்லை, ஆரவாரம் இல்லை. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆண்டைச் சொல்ல அரசன் பெயர். ஆனால் கல் அரசனுக்கு அல்ல, எருமைகளைக் காக்கப் போய் விழுந்த ஓர் இளமகனுக்கு. அவனோடு நின்று கள்ளர்களைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கும் அதில் பெயர் உண்டு, உருவமும் உண்டு. லண்டனில் பணம் போட்டவன் 'அட்வென்சரர்'. செங்கத்தில் உயிரைப் போட்டவனுக்குக் கல். எது உயர்ந்த அகராதி என்று நீங்களே சொல்லுங்கள்.

'இளமகன்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? 'நைட்'டைப் போலவே, இளைஞனாக இருந்து வீரனாக உயர்ந்த சொல். இந்த நடுகற்களில் 'சேவகன்' என்பவனும் வீரன்தான். ஏவலாள் என்ற வடமொழிப் பொருளிலிருந்து நம் மண்ணில் அவ்வளவு உயரத்துக்கு வந்தவன், பிற்பாடு கச்சேரி வாசலில் டவாலி மாட்டிக்கொண்டு நின்றான். 'சாகசம்' என்ற சொல்லை ஆண்களைப் பொறுத்த மட்டில் வீரம் என்றோம். பெண்ணுக்கு வந்தபோது 'சாகசக்காரி' என்று வசையாக்கினோம். 'துணிகரம்' என்ற அருமையான சொல்லைப் பத்திரிகைகள் திருடர்களுக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டன. 'பட்டப்பகலில் துணிகரக் கொள்ளை!' கொள்ளைக்காரனைத் தவிர இந்த நாட்டில் வேறு யாரும் துணிவதே இல்லையா?

ஆங்கிலத்திலும் 'அட்வென்சரஸ்' என்றால் மயக்கிப் பிழைப்பவள்தானே என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அவர்கள் ஒரு சொல்லைக் கெடுத்தால், நல்ல காரியத்துக்கென்று வேறு நாலு சொற்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். நாமோ துணிந்தவர்களை இகழ்வதற்கே சொற்களைச் செலவழித்தோம். குறை மொழியில் இல்லை, ஐயா! துணிவைக் கண்டால் முகம் சுளிக்கும் நம் மரியாதைப்பட்ட மனத்தில் இருக்கிறது.

பௌர்ணமியன்று அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். வழியோரத்தில் ஒருத்தி இட்லிக் கடை போட்டிருப்பாள். கம்மலை அடகு வைத்து அரிசியும் உளுந்தும் வாங்கியிருப்பாள். மாலையில் மழை பிடித்துக்கொண்டால் அத்தனை மாவும் புளித்துப் போகும். வட்டி மட்டும் புளிக்காது. கப்பலில் சரக்கேற்றிவிட்டுக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்த லண்டன் வியாபாரிக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? அவனுக்குப் பட்டயம் கிடைத்தது. இவளை ஊர் 'துணிச்சல்காரி' என்கிறது. சொல்லும்போதே வாயைக் கோணிக்கொள்கிறது.

புதுச் சொல் ஆக்கும் புலவர்களே, சற்றுப் பொறுங்கள். பத்திரிகை ஆசிரியர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை பூட்டை உடைத்தவனைப் பற்றி எழுதும்போது 'திருட்டு' என்று எழுதுங்கள், அது போதும். 'துணிகரம்' என்பதை அந்த இட்லிக் கடைக்காரிக்கு எடுத்து வையுங்கள்.