செட்டில் ஆயாச்சா?

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்பளத்தை நொறுக்கும் நேரம் பார்த்து, பக்கத்து இலைப் பெரியவர் கேட்பார்: ‘‘பையன் செட்டில் ஆயிட்டானா?’’

இதற்கு ‘ஆயிட்டான்’, ‘இன்னும் இல்லை’ என்று இரண்டே பதில்தான் செல்லுபடி. ‘‘சந்தோஷமா இருக்கான் சார்’’ என்று சொல்லிப் பாருங்கள். உங்களைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரசம் கேட்கத் திரும்பிவிடுவார்.

இங்கிலீஷ்காரனுக்கு ‘செட்டில் டவுன்’ என்றால், அலைந்தது போதும் என்று ஓரிடத்தில் தங்குவது. கூச்சல் போடும் வகுப்பை அடக்க, வாத்தியார் சொல்வதும் அதேதான். நாம் ‘டவுனை’ வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை வைத்து ஒரு மார்க் ஷீட் தயாரித்துவிட்டோம். வேலை, வீடு, கார், கல்யாணம், குழந்தை. ஐந்தில் ஒன்று போனாலும் ஃபெயில்!

பெண்களுக்கு சிலபஸே வேறு. எனக்குத் தெரிந்த ஒரு பெண், வங்கியில் மேனேஜர். அப்பாவின் கடனை அடைத்தாள், தம்பியைப் படிக்க வைத்தாள். ‘‘இவதான் இன்னும் செட்டில் ஆகலை’’ என்று அவள் எதிரிலேயே புலம்புகிறார் அம்மா. அவள் சம்பளத்தில் படித்த தம்பி, வேலைக்குப் போன முதல் மாதமே செட்டில் ஆகிவிட்டான்.

நான் படித்தது பி.காம். அங்கே செட்டில்மென்ட் என்றால் கணக்கை முடிப்பது. பாக்கி தீர்ந்ததும் அடியில் கோடு போட்டு மூடிவிடுவோம். வேலையை விட்டுப் போகிறவருக்கு ‘ஃபைனல் செட்டில்மென்ட்’. பாலிசிதாரர் போய்ச் சேர்ந்த பிறகு, குடும்பத்துக்கு ‘க்ளெய்ம் செட்டில்மென்ட்’. சிவில் இன்ஜினீயரைக் கேட்டால், அஸ்திவாரம் மண்ணில் இறங்குவதுதான் செட்டில்மென்ட் என்பார். பைசா கோபுரத்தை 1173-ல் கட்ட ஆரம்பித்தார்கள். ஒரு பக்க மண் கூடுதலாக இறங்கியதால், மூன்றாவது மாடி வரும்போதே சாய ஆரம்பித்துவிட்டது. இருபத்தைந்து வயசுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற வார்த்தையா சார் இது?

‘அக்கறையில் கேட்பதுதானே’ என்பீர்கள். அக்கறை இருந்தால், ‘வேலை பிடிச்சிருக்கா? ராத்திரி தூக்கம் வருதா?’ என்று கேட்கலாமே! இந்த ஒரு கேள்விக்குப் பயந்து, சொந்தக்காரர் கல்யாணத்துக்கே வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘ஆயிட்டேன்’ என்று காட்டுவதற்காகவே இருபது வருஷக் கடனில் ஃப்ளாட் வாங்கி, பிடிக்காத வேலையை விடமுடியாமல் மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், பெற்றவர்கள். ‘பசங்க செட்டில் ஆயாச்சு, கடமை முடிஞ்சது’ என்று வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதி வைக்கிறார்கள். அந்தப் பத்திரத்துக்கும் செட்டில்மென்ட் என்றுதான் பெயர்! எழுதிக் கொடுத்துவிட்டு நடுத்தெருவுக்கு வந்தவர்களுக்காகவே, 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-வது பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்வதாக நிபந்தனையோடு வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம்.

அப்படித் தீர்ப்பாயத்தில் போய் நிற்கும் பிள்ளைகளும் ஊர்க் கணக்கில் செட்டில் ஆனவர்கள்தான். வேலை இருந்தது, வீடு இருந்தது, கார் இருந்தது. அம்மாவுக்குச் சோறு போடுவது மட்டும் நம் மார்க் ஷீட்டில் பாடமாக இல்லை. இல்லாத பாடத்தை அவன் எப்படிப் படிப்பான்?

அடுத்த பந்தியில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

‘‘அதுக்குள்ள என்ன சார் அவசரம்? பையன் இன்னும் உயிரோடதானே இருக்கான்!’’