வெற்றிக் கோப்பைக்கு அப்பால்

விளையாட்டுத் திடல் உடலை வளர்க்கும், நூலகம் உள்ளத்தை வளர்க்கும் என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடம்தான் விளையாட்டைக் கருவாகக் கொண்ட நாவல். "அவையெல்லாம் ஆண்பிள்ளைகள் படிப்பவை, யார் வென்றார் என்று தெரிந்ததும் மூடி வைத்துவிடலாம்" என்பது பலரின் எண்ணம். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் மூன்று நாவல்களைப் பற்றிக் கூடிப் பேசிய பின் இக்கருத்தை உறுதியாக மறுக்கிறோம்.

முதலாவது, சி. சு. செல்லப்பா எழுதிய 'வாடிவாசல்'. ஜமீன் காலத்து ஜல்லிக்கட்டு ஒன்றின் கதை. ஜமீன்தாரின் 'காரி' என்னும் காளையால் குத்துண்டு மாண்டவர் அம்புலி. அவருடைய மகன் பிச்சி அதே காளையை அணைய வருகிறான், அணைந்தும் விடுகிறான். அடக்கப்பட்ட காளையை ஜமீன்தார் சுட்டுக் கொல்கிறார்.

இக்கதையால் எங்கள் வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. "தந்தையின் பெயரை மகன் காத்தான், இதைவிட வேறென்ன வேண்டும்?" என்றனர் ஒரு சாரார். "காரி செய்த குற்றம் என்ன? பிடிபட்டதற்கா துப்பாக்கிக் குண்டு?" என்று எதிர்த்தனர் மறு சாரார். முடிவில் இருசாராரும் ஒன்றை ஒப்புக்கொண்டோம். களத்தில் இறங்கியவர்கள் பிச்சியும் காரியும்தாம். தோல்வியைத் தாங்க இயலாதவரோ, களத்தில் இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர். பிள்ளைகளை ஓடவிட்டு மதிப்பெண்ணை எண்ணிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு என்று நாங்கள் சொன்னால் அவர்கள் கோபிக்க மாட்டார்கள் என நம்புகிறோம்.

இரண்டாவது, ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதி 1935இல் வெளிவந்த 'சுவாமியும் நண்பர்களும்'. மால்குடிச் சிறுவர்கள் கிரிக்கெட் குழு அமைக்கிறார்கள். நன்றாகப் பந்து வீசும் சுவாமிநாதனுக்கு இங்கிலாந்து வீரர் டேட்டின் பெயரையே பட்டமாகச் சூட்டுகிறார்கள். ஆனால், பள்ளி விட்டபின் நடக்கும் டிரில் வகுப்பு பயிற்சிக்குக் குறுக்கே நிற்கிறது. தலைமையாசிரியரிடம் அகப்பட்ட சுவாமி ஊரைவிட்டே ஓடிப்போகிறான். அவன் இல்லாமலே முக்கியமான போட்டி நடந்து முடிகிறது. நண்பன் ராஜம் அவனோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறான். ஓர் ஆட்டத்தில் தோற்றால் அடுத்த ஆட்டத்தில் வென்றுவிடலாம். தோழமையை இழந்தால் அதற்கு அடுத்த ஆட்டம் உண்டோ? சிரித்துக்கொண்டே படித்து வந்த நாங்கள் கடைசிப் பக்கங்களில் மௌனமானோம்.

மூன்றாவது, வங்க எழுத்தாளர் மோதி நந்தியின் 'கோனி'. இதனை நாங்கள் படிக்கவில்லை, கேட்டோம். கல்கத்தாவில் பல்லாண்டு பணியாற்றிய அருட்சகோதரி ஒருவர் எங்களுக்கு விரிவாகச் சொன்னார். மோதி நந்தி விளையாட்டுப் பத்திரிகையாளராய் இருந்தவர். மேற்கு வங்கத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இது துணைப்பாடமாக வைக்கப்பட்டது என்பதைக் கேட்டபோது, எங்களுக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது!

கங்கையில் மிதந்து வரும் மாங்காய்க்காகப் பையன்களோடு போட்டியிட்டு நீந்தும் ஏழைச் சிறுமி கோனி. பயிற்சியாளர் க்ஷிதீஷ் அவளைக் கண்டெடுக்கிறார். கூடுதல் நேரம் நீந்தினால் முட்டையும் வாழைப்பழமும் தருவதாகச் சொல்கிறார். அவளோ, அவற்றுக்குப் பதிலாகக் காசாகத் தரும்படி கேட்கிறாள். வீட்டில் பசித்திருப்பவர்களை மறந்து தான் மட்டும் உண்ண அவளுக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தைச் சகோதரி சொல்லி முடித்ததும் எங்கள் வகுப்பில் ஒருவரும் பேசவில்லை.

கதையின் இறுதிக்கட்டம் நடப்பது நம் சென்னையில்! தேசியப் போட்டிக்கு வந்த இடத்தில் கோனியை ஒதுக்கி வைக்கிறார்கள். செய்யாத தவற்றுக்குப் பழி சுமத்துகிறார்கள். கடைசியில் வேறொருத்தி நீந்த முடியாமல் போகவே, தொடர்நீச்சலில் அவளுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. தன்னை இகழ்ந்த குழுவுக்காகவே அவள் நீந்தி வெல்கிறாள். பதக்கத்தைவிட இதுவே பெரிய வெற்றி என்பது எங்கள் அனைவரின் கருத்து.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். முதலிரண்டு நாவல்களிலும் களத்தில் இறங்கும் பெண் ஒருத்தியும் இல்லை. ஆனால் வாழ்க்கையில் இருக்கிறார்களே! 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் தமிழகத்தின் துளசிமதி முருகேசன் பூப்பந்தில் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலமும் வென்றனர். இத்தகைய பெண்களின் உழைப்பும் கண்ணீரும் தமிழ் நாவல்களாக மலர வேண்டும். நாளை எழுதப்போகிறவள் நம்மிடையே இன்று அமர்ந்திருக்கலாம் அன்றோ?

புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், பந்தயத் திடலில் ஓடுபவரையும் குத்துச்சண்டை செய்பவரையும் உவமையாகக் காட்டுகிறார். பரிசு ஒருவருக்கே என்றாலும், ஓடும்படி அவர் அழைப்பது எல்லாரையும். பாரதியாரும் பாப்பாவுக்கு முதலில் சொன்னது விளையாட்டைத்தான். பதினைந்து வயதானதும் நிறுத்திவிடு என்று அவர் எங்கும் சொல்லவில்லை!

எனவே எங்கள் வேண்டுகோள் இரண்டு. நூலகத்தில் விளையாட்டு நாவல்களுக்கென ஓர் அடுக்கு ஒதுக்கப்பட வேண்டும். பொதுத்தேர்வு ஆண்டு என்று சொல்லி, விளையாட்டுப் பாடவேளையையும் நூலகப் பாடவேளையையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் தாரை வார்ப்பது பல பள்ளிகளில் வழக்கமாக உள்ளது; அது மாற வேண்டும். தேர்வில் வெல்வது எப்படி என்பதை மற்றப் பாடவேளைகள் கற்றுத் தருகின்றன. தோற்றாலும் தலைநிமிர்ந்து நிற்பது எப்படி என்பதை இவ்விரண்டு பாடவேளைகளே கற்றுத் தருகின்றன.

— பத்தாம் வகுப்பு மாணவி