முத்திரைக்குள் அடங்காத கைகள்

பதினாறாம் லூயி காலத்து (1774–1792) பிரெஞ்சுக் கைநாற்காலியொன்றைக் கவிழ்த்துப் பார்த்தால், இருக்கைச் சட்டத்தில் ‘ஜி. ஜாக்கோப்’ என்ற முத்திரை தென்படக்கூடும். 1765இல் பாரிஸில் தேர்ச்சித் தச்சராக ஏற்கப்பெற்ற ஜார்ஜ் ஜாக்கோபின் பெயர் அது. அருங்காட்சியகக் குறிப்புகளும் ஏலப் பட்டியல்களும் அந்நாற்காலியை அவருடைய படைப்பென்றே வழங்குகின்றன. இவ்வழக்கு மறுபரிசீலனைக்குரியது.

அக்காலப் பாரிஸில் ஒரு நாற்காலி பல பட்டறைகளைக் கடந்தே உருவாயிற்று. பீச் அல்லது அக்ரூட் மரத்தில் சட்டம் அமைத்தவர் தச்சர். நேரான கால்களில் வரிப்பள்ளமும் விளிம்பில் முத்துச்சரமும் வடித்தவர் செதுக்குக் கலைஞர். சுண்ணமும் வச்சிரமும் கலந்து பல பூச்சு ஏற்றி, அதனால் மழுங்கிய செதுக்கலை மீண்டும் கூராக்கி, செம்மண் பூசிப் பொன்தாள் பதித்தவர் முலாமிடுவோர். குதிரைமயிர் திணித்துப் பட்டுப் போர்த்தியவர் மெத்தை தைப்போர். ஆயினும் 1751இல் பதிவான தொழிற்குழு விதிகள் முத்திரையிடும் கடமையைத் தச்சர்மீதே சுமத்தின. பொறுப்பேற்புக்கான அக்குறியைப் பிற்காலம் படைப்பாளியின் கையொப்பமாக வாசித்தது.

இப்பிழையின் விலை சிறிதன்று. பெயருக்கே மதிப்பு என்றானபின், பெயரைப் போலி செய்வது ஆதாயமாகிறது. வெர்சாய் அரண்மனை வாங்கிய சில நாற்காலிகள் போலியென்ற ஐயம் 2016இல் வெளிப்பட்டபோது, நிபுணர்களின் கண்மீதான நம்பிக்கையே ஆட்டங்கண்டது.

‘சட்டம்: ஜாக்கோப், செதுக்கல், முலாம், மெத்தை: பெயர் அறியப்படாதோர்’ என்றெழுத ஒரு வரி போதும். அறியாமையையும் பதிவுசெய்வதே ஆய்வு நேர்மை.